துண்டுக்குள் பேசிய விலை

 



செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் நம் பொள்ளாச்சி மாட்டுச்சந்தைக்குப் போனவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமாகியிருக்கும். வியாபாரியும் வாங்க வந்தவரும் எதிரெதிரே நிற்பார்கள். இருவருடைய கைகளும் ஒரு துண்டுக்குள் இருக்கும். வாய் பேசாது, விரல்தான் பேசும். எந்த விரலைப் பிடித்தால் எவ்வளவு என்று அவர்களுக்குள் ஒரு கணக்கு. சுற்றிலும் கேரளத்து வியாபாரிகளும் தரகர்களும் எத்தனை பேர் நின்றாலும் அந்த விலை அந்த இருவருக்கு மட்டும்தான் தெரியும். சம்மதமானதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

இந்த முறையில் ஒரு நன்மையும் உண்டு. ஒருவர் விலை பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் இடையில் புகுந்து பேசுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். துண்டு அந்தக் குறுக்கீட்டைத் தடுத்துவிடுகிறது. ஆனால் அது வெளியே நிற்பவர்களிடமிருந்து மறைப்பதற்காகப் போட்ட துண்டு. உள்ளே கை கொடுத்திருக்கும் இருவரில் ஒருவர் மற்றவரிடமிருந்து எதையாவது மறைத்தால், அதைப் பார்க்கிறவன் அல்லாஹ் ஒருவன்தான்.

அந்தக் காலத்தில் வண்டி மாட்டுக்கு விலை பேசியவர்களின் பேரன்கள் இன்று காருக்கு விலை பேசுகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் துண்டு போய்விட்டது. தெரியாத துண்டு இன்னும் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த வாரம் பேச நினைக்கிறேன்.

ஒரு சகோதரர் கொண்டுவந்த மஸ்அலா

சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, ஒரு சகோதரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் அனுமதியோடு, பெயர் சொல்லாமல் இதைச் சொல்கிறேன். "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேக்கோணுமுங்க" என்று ஆரம்பித்தார்.

பழைய கார் ஒன்று வாங்க வேண்டும் என்று அவர் அலைந்திருக்கிறார். ஒரு கன்சல்டிங் கடை முதலாளியிடம் போனில் விசாரித்தபோது, 2018 மாடல் வெள்ளைக் கார் ஒன்று இருக்கிறது, விலை 4,20,000 ரூபாய் என்று சொல்லியிருக்கிறார். மூன்று நாள் கழித்து இவர் நேரில் போனபோது முதலாளி கோவைக்குப் போயிருந்தார். கடையில் இருபது வயதுப் பையன் ஒருவன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான். நோட்டில் இருக்கிற விலையைப் பார்த்துச் சொல்லி, வந்தவர்களுக்கு வண்டியைக் கொடுக்கலாம் என்று அவனுக்கு உத்தரவு. அதே கம்பெனி, அதே மாடல், அதே வெள்ளை நிறத்தில் 2016-ஆம் வருட வண்டி ஒன்றும் பக்கத்தில் நின்றிருக்கிறது. பையன் நோட்டில் வரி தவறிப் படித்து, பழைய வண்டியின் விலையைப் புதிய வண்டிக்குச் சொல்லிவிட்டான்: 3,60,000.

இவருக்கு அது தவறு என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. சொல்லவில்லை.

"அதோட உட்டனுங்களா ஹஜ்ரத்? டயர் தேஞ்சிருக்குது தம்பி, இன்னுங் கொஞ்சம் கொறச்சுக்கன்னு சொல்லி, மேக்கொண்டு அஞ்சாயிரம் கொறச்சேனுங்க" என்றார். அப்போதே பணத்தை அனுப்பி, கையெழுத்து வாங்கி, வண்டியை எடுத்து வந்துவிட்டார். 3,55,000 ரூபாய்.

சாயங்காலம் முதலாளி திரும்பி வந்து பார்த்திருக்கிறார். கடையில் கொடுத்த வார்த்தை கொடுத்ததுதான் என்று வண்டியைத் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் குறைந்த 65,000 ரூபாயைப் பையனின் சம்பளத்தில் மாதம் 3,000 வீதம் பிடிக்க ஆரம்பித்துவிட்டார். இந்தச் சங்கதி இரண்டு மாதம் கழித்து ஒரு டீக்கடையில் இவர் காதுக்கு வந்திருக்கிறது. அன்றிலிருந்து வண்டியில் சாவி போடும்போதெல்லாம் அந்தப் பையன் முகம் தெரிகிறது என்றார்.

பிறகு மூன்று கேள்விகள் கேட்டார். ஒன்று: "வெலை சொன்னது அவன். நான் பொய் எதுவும் சொல்லலீங்க. இது ஹலால்தானுங்களே?" இரண்டு: "கார் யாவாரத்துல அவங்க நம்மள ஏமாத்தறதில்லீங்களா? ஒரு தடவ நமக்குச் சாதகமா வந்தா அது தப்புங்களா?" மூன்றாவதைக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அந்தப் பையன் நம்ம ஆளும் இல்லீங்க."

நான் உடனே பதில் சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

விலை பேசுவது சுன்னத்துக்கு மாற்றமா?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடுவோம். பேரம் பேசுவது தக்வாவுக்கு ஆகாது, நல்லவன் சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை.

மதீனாவில் விலைவாசி ஏறியபோது, நீங்களே விலையை நிர்ணயித்துவிடுங்கள் என்று மக்கள் கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். விலையை ஏற்றுபவனும் இறக்குபவனும் அல்லாஹ்தான் என்றும், எவருடைய உயிரிலோ பொருளிலோ அநியாயம் செய்த பாரமின்றி அவனைச் சந்திக்கவே தாம் விரும்புவதாகவும் கூறினார்கள். இன்ன பொருளுக்கு இன்ன விலைதான் நியாயம் என்று ஷரீஅத் பட்டியல் போட்டுத் தரவில்லை. இருவர் மனம் ஒப்பிப் பேசி முடிப்பதை நியாயம் என்று வைத்தது. அந்தச் சம்மதம் உண்மையான சம்மதமாக இருப்பதற்குத்தான் எல்லா நிபந்தனைகளையும் போட்டது.

நபி (ஸல்) அவர்களே ஒரு வாகனத்துக்கு விலை பேசியிருக்கிறார்கள். ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டகம் பற்றிய அந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஒரு பயணத்திலிருந்து திரும்பும்போது ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டகம் களைத்துப் பின்தங்கிவிட்டது. நபி (ஸல்) அவர்கள் அதைத் தட்டி, அவருக்காக துஆச் செய்தார்கள். அதற்குமுன் ஓடியிராத ஓட்டம் ஓட ஆரம்பித்தது. அதன் பிறகுதான் ஓர் ஊக்கியாவுக்கு, அதாவது 40 திர்ஹம் வெள்ளிக்கு, எனக்கு விற்றுவிடு என்று கேட்டார்கள். ஜாபிர் (ரலி) முதலில் மறுத்தார். மறுபடியும் கேட்டார்கள். மதீனா சேரும்வரை நான்தான் ஏறி வருவேன் என்று நிபந்தனை போட்டு அவர் விற்றார். மதீனா வந்ததும் பிலால் (ரலி) அவர்களிடம் சொல்லி, பேசிய விலைக்குக் கூடுதலாகவே நிறுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு திரும்பியவரை மறுபடி அழைத்து, உன் ஒட்டகத்தை எடுத்துக்கொள்ளவா நான் பேரம் பேசினேன் என்று நினைத்தாய் என்று கேட்டு, ஒட்டகத்தையும் அவருக்கே கொடுத்துவிட்டார்கள்.

ஜாபிர் (ரலி) அவர்களின் தந்தை உஹதில் ஷஹீதாகி, கடனும் சகோதரிகளின் பொறுப்பும் இவர் தலையில் இருந்த நேரம் அது. அவரது கௌரவம் குறையாமல் உதவுவதற்கு அந்தப் பேரம் ஒரு வழியாக இருந்தது. அதோடு, விலை கேட்ட வேளையையும் கவனியுங்கள். ஒட்டகம் தள்ளாடி நின்றபோது கேட்கவில்லை. அதைத் திடமாக்கிவிட்டு, அதன் முழு மதிப்பும் விற்பவர் கண்ணுக்குத் தெரிந்த பிறகு கேட்டார்கள். நாம் என்ன செய்கிறோம்? பிடித்துப்போன வண்டியைச் சுற்றி வந்து, பெயிண்ட் போய்விட்டது, சத்தம் வருகிறது, இதை யார் வாங்குவார்கள் என்று இல்லாத குறையெல்லாம் சொல்கிறோம். மத்யன் மக்களுக்கு ஷுஐப் (அலை) அவர்கள் செய்த உபதேசத்தில், மனிதர்களுடைய பொருட்களைக் குறைத்துவிடாதீர்கள் என்ற கருத்து வருகிறது. அதற்கு விளக்கம் எழுதிய இமாம் குர்துபீ (ரஹ்) அவர்கள், எடையைக் குறைப்பது மட்டுமன்றி, பொருளில் குறை சொல்லி மட்டம் தட்டுவதும், மதிப்பில் ஏமாற்றுவதும் இதில் அடங்கும் என்கிறார்கள். இருக்கிற குறையைச் சுட்டிக்காட்டி விலை குறைப்பது உங்கள் ஹக். இல்லாத குறையைச் சொல்லிக் குறைப்பது ஷுஐப் நபி கண்டித்த காரியம்.

அவர்கள் ஏமாற்றுகிறார்களே?

அந்தச் சகோதரரின் இரண்டாவது கேள்வியில் உண்மையும் இருக்கிறது. கார் வியாபாரத்தில் மோசடி இல்லையென்று யாரும் சொல்ல முடியாது.

பால் தரும் ஒட்டகத்தையும் ஆட்டையும் விற்பதற்கு முன் சில நாள் கறக்காமல் விட்டு, மடியைப் பெரிதாகக் காட்டி விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி வாங்கிவிட்டவர் கறந்து பார்த்த பிறகு, வேண்டாமென்றால் ஒரு ஸாவு பேரீச்சம்பழத்தோடு திருப்பிக் கொடுக்கலாம் என்றார்கள். மாட்டுச்சந்தை ஊர்க்காரர்களான நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்று கார் மீட்டரைத் திருப்பி, ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியை நாற்பதாயிரம் என்று காட்டுவது அதே மடிதான். மோதி நசுங்கிய வண்டியைத் தட்டிப் பெயிண்ட் அடித்து, ஒரு கீறல்கூட விழாத வண்டி என்று விற்பதும் அதேதான். தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்டபோது, நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்ட கேள்வி ஒவ்வொரு கன்சல்டிங் வாசலிலும் கேட்கப்படுகிறது. வாங்கும் எண்ணமே இல்லாத ஆளை விட்டு விலையை ஏற்றிக் கேட்க வைப்பதற்கு ஹதீஸில் 'நஜ்ஷ்' என்று பெயர். யாருமே கேட்காதபோது, இப்போதுதான் ஒருவர் நாலேகாலுக்குக் கேட்டுவிட்டுப் போனார் என்று சொல்வதும் பொய்தான். அது நஜ்ஷுக்கு ஒன்றுவிட்ட தம்பி.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய கார் சந்தையை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அந்த ஆய்வு முக்கியக் காரணம். வண்டியின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குபவன் எல்லா வண்டியையும் சந்தேகித்துக் குறைத்தே கேட்பான். நல்ல வண்டி வைத்திருப்பவன் அந்த விலைக்குக் கட்டாது என்று சந்தைக்கே வரமாட்டான். கடைசியில் ஓட்டை வண்டிகள்தான் மிஞ்சும். அவர் சொன்னதன் சாரம் இது. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசித் தெளிவுபடுத்தினால் வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்துப் பொய் சொன்னால் அந்த பரக்கத் அழிக்கப்படும் என்று 1,400 ஆண்டுகளுக்கு முன் சொல்லப்பட்டுவிட்டது.

அந்த ஹதீஸில் விற்பவரைத் தனியாகச் சொல்லவில்லை. இருவரையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. அல்முதஃப்பிஃபீன் சூராவின் தொடக்கத்தில் அல்லாஹ் யாரைக் கண்டிக்கிறான்? தனக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கிக்கொண்டு, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைப்பவர்களை. ஆக, குற்றம் ஒரே மனிதன் இரண்டு அளவு வைத்திருப்பதில் இருக்கிறது. வியாபாரி நம்மிடம் மறைத்தால் அது மோசடி. நாம் வியாபாரியிடம் மறைத்தால் அது சாமர்த்தியம். நம் கையில் இருக்கும் இரண்டு அளவு இதுதான்.

விலையை ஏற்றிக் கேட்ட வாடிக்கையாளர்

வாங்குபவனுக்கும் கடமை உண்டா என்று சந்தேகம் வரலாம். ஜரீர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்களைப் பாருங்கள். அவர்களுடைய ஆள் ஒரு குதிரையை 300 திர்ஹத்துக்குப் பேசி முடித்து, பணம் வாங்கிக்கொள்ள விற்றவரையும் கூட்டி வந்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி), உங்கள் குதிரை 300-க்கு மேல் பெறும், 400-க்குத் தருகிறீர்களா என்று கேட்டார்கள். அவர் சரி என்றார். அதற்கும் மேல் பெறும் என்று நூறு நூறாக ஏற்றி, 800 திர்ஹத்துக்கு வாங்கினார்கள். தப்ரானீயில் பதிவாகியுள்ள இந்தச் செய்தியை இமாம் நவவீ (ரஹ்) எடுத்துச் சொல்கிறார்கள். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபி (ஸல்) அவர்களிடம் பைஅத் செய்திருக்கிறேன் என்றார்கள்.

குதிரையின் மதிப்பு ஜரீருக்குத் தெரிந்தது, விற்றவருக்குத் தெரியவில்லை. நம் கன்சல்டிங் கடையில் நடந்ததும் அதேதான். ஒருவர் தெரிந்ததைச் சொன்னார். இன்னொருவர் விழுங்கிவிட்டார்.

எல்லோரும் ஜரீராக இருக்க முடியாது. அது மிக உயர்ந்த படித்தரம். ஆனால் கீழ்ப்படி ஒன்று இருக்கிறது. அதற்குக் கீழே இறங்கக் கூடாது. வியாபாரத்தில் அடிக்கடி ஏமாந்துபோகும் ஒரு ஸஹாபி இருந்தார்கள். விலை பேசும்போது ஏமாற்று இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பேசும்படி நபி (ஸல்) அவர்கள் அவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். விவரம் குறைந்தவன் சந்தையில் எல்லோருக்கும் இரையாகிவிடக் கூடாது என்பதே அந்தச் சொல்லின் நோக்கம். நோட்டில் வரி தவறிப் படித்த அந்தப் பையனுக்கு அப்படிச் சொல்லத் தெரியவில்லை. அவனுக்காக அதைச் சொல்ல வேண்டியவர் எதிரே நின்றவர்தான்.

ஃபிக்ஹ் என்ன சொல்கிறது?

அரபிக் கல்லூரியில் ஹிதாயாவில் வியாபாரப் பாடம் ஓதும்போது இந்த இடம் வரும். ஒருவருக்காக விற்க நியமிக்கப்பட்டவர் வகீல். அவர் விலையை மிகவும் குறைத்து விற்றுவிட்டால்? இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடம் அந்த வியாபாரம் கூடும். அவர்களுடைய இரு மாணவர்களான இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மத் (ரஹ்) இருவரிடமும், மக்கள் வழக்கமாகச் சகித்துக்கொள்ளும் அளவைத் தாண்டிக் குறைத்திருந்தால் கூடாது.

அந்த அளவு எது? அதைத் தாண்டுவதற்கு 'கப்ன் ஃபாஹிஷ்' என்று பெயர். சரக்குகளில் இருபதில் ஒரு பங்கு, கால்நடைகளில் பத்தில் ஒரு பங்கு, நிலம் வீடுகளில் ஐந்தில் ஒரு பங்கு என்று ஹனஃபி அறிஞர்கள் கணக்குச் சொன்னார்கள். 19-ஆம் நூற்றாண்டில் உஸ்மானியப் பேரரசு தொகுத்த மஜல்லா சட்டமும் 165-ஆவது பிரிவில் இதையே எடுத்துக்கொண்டது. அடிக்கடி கைமாறும் பொருளின் விலை எல்லோருக்கும் தெரியும், அதனால் சகிப்பு குறைவு. எப்போதாவது கைமாறும் பொருளில் சகிப்பு அதிகம் என்பது காரணம்.

அந்தக் காரை நம் ஊர் கன்சல்டிங்காரர்கள் 4 லட்சம் பெறும் என்று மதிப்பிட்டால், இருபதில் ஒரு பங்கு 20,000 ரூபாய். மாட்டுக் கணக்கில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தாலும் 40,000. இவருக்கு மிச்சமானது 45,000. எந்தக் கணக்கிலும் எல்லை தாண்டிவிட்டது.

அப்படியும் இமாமுடைய ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, வியாபாரம் செல்லும் என்று அவர் வாதாடலாம். இங்கேதான் ஃபுகஹாக்கள் இன்னொரு வாசலைத் திறந்து வைத்தார்கள். காஜியின் தீர்ப்பில் செல்லுபடியாவது ஒன்று, அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையில் செல்லுபடியாவது இன்னொன்று. முதலாவதைக் 'கழா' என்றும் இரண்டாவதை 'தியானா' என்றும் சொல்வார்கள். வாதத் திறமையால் ஒருவர் தன் சகோதரரின் உரிமையைத் தமக்குத் தீர்ப்பாக்கிக்கொண்டால், நான் அவருக்குக் கொடுப்பது நெருப்பின் ஒரு துண்டு என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். நபியின் நாவிலிருந்து வந்த தீர்ப்பே அந்த நெருப்பை அணைக்காது என்றால், ஒரு ரசீதும் ஆர்.சி. புத்தகமும் எப்படி அணைக்கும்?

பொய் சொல்லவில்லை என்றார் அவர். உண்மைதான். பொய் சொல்ல வேண்டிய அவசியமே அவருக்கு ஏற்படவில்லை. மௌனமே போதுமானதாக இருந்தது. அதனால் அவரிடம் நான் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டேன். உங்கள் மனதில் இருந்தது அந்தப் பையனுக்குத் தெரிந்திருந்தால் இந்த விலைக்குச் சம்மதித்திருப்பானா? மாட்டான் என்றார். அப்படியானால் நீங்கள் வாங்கியது அவனுடைய சம்மதத்தை அல்ல, அவனுடைய அறியாமையை என்றேன். அதற்கு அவனால் விலை வைக்க முடியாது. உங்களுக்கும் அதை வாங்க அனுமதி இல்லை.

அவன் நம்ம ஆள் இல்லை என்றாரே, அதற்கும் பதில் வேண்டும். நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தான நேரத்தில் அவர்களுடைய போர்க்கவசம் 30 ஸாவு வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடமானத்தில் இருந்தது. ஹிஜ்ரத்தின் இரவில், தங்களைக் கொல்லத் தேடிய மக்காவாசிகளின் அமானிதங்களைத் திருப்பிக் கொடுப்பதற்காக அலீ (ரலி) அவர்களை விட்டுவிட்டுப் போனார்கள். கொல்ல வந்தவனின் பொருளே அமானிதம் என்றால், நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு காலையில் வேலைக்கு வருகிற ஒரு ஏழைத் தாயின் பிள்ளையின் மாதம் 3,000 ரூபாய் மட்டும் எப்படி ஹலாலாகும்? இந்த ஊரில் நாம் எப்படி வியாபாரம் செய்கிறோமோ, அதை வைத்துத்தான் நம் தீனை அவர்கள் அறிகிறார்கள்.

என்னுடைய கணக்கு

உடனே பதில் சொல்லாததற்குக் காரணம் இருந்தது என்றேன். சில வருடங்களுக்கு முன் என் பழைய பைக்கை ஒரு ஷோரூமில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்தேன். இன்ஜின் வேலை வந்துவிட்டது என்று மெக்கானிக் எனக்கு முன்பே சொல்லியிருந்தார். ஷோரூமில் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. குறையைத் தெரிவிக்காமல் விற்பது ஆகாது என்ற ஹதீஸை மிம்பரில் ஓதுகிறவன் நான்.

அந்தச் சகோதரர் போன பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் அந்த ஷோரூமுக்குப் போய் மேலாளரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "எங்க மெக்கானிக் அன்னைக்கே பாத்துட்டாருங்க ஹஜ்ரத். அதைக் கழிச்சுத்தான் வெலை போட்டோம்" என்றார். நிம்மதியாக வந்தேன். ஆனாலும் ஒன்று உறுத்தியது. அவர்கள் ஏமாறவில்லை, நான் ஏமாற்ற நினைத்தது பொய்யாகிவிடவில்லை. தவ்பா செய்தேன். அந்தத் தகுதியில்தான் உங்களிடம் பேசுகிறேன், உங்களைவிட நல்லவன் என்ற தகுதியில் அல்ல.

மறுபடியும் பேசிய விலை

எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று அவர் கேட்டார். நான் எண்ணிக்கை சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்திருந்ததை அவர்கள் முன் வைத்துவிட்டு, மறுபடி விலை பேசுங்கள் என்றேன்.

போனார். முதலாளியையும் பையனையும் ஒன்றாக வைத்து நடந்ததைச் சொன்னார். "வித்துட்ட வண்டிக்கு மேக்கொண்டு பணம் குடுக்க வந்த ஆள இப்பத்தானுங்க பாக்கறேன்" என்றாராம் முதலாளி. பிறகு இருவரும் உட்கார்ந்து விலை பேசினார்கள். அவர் 4,20,000 என்றார். இவர் டயரைக் காட்டினார். அது உண்மையிலேயே தேய்ந்துதான் இருந்தது. 4 லட்சத்தில் முடிந்தது. பாக்கி 45,000-இல் 20,000 அன்றே கொடுத்தார். மீதி மாதம் 5,000 வீதம் ஐந்து மாதம். முதலாளி பிடித்த 6,000 ரூபாயைப் பையனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். பையனிடம் இவர் மன்னிப்புக் கேட்டபோது, "நாந்தானுங்ண்ணா சரியாப் பாக்கல" என்றானாம். அதைச் சொல்லும்போது இவருக்குக் குரல் உடைந்துவிட்டது.

4 லட்சம்தான் அந்தக் காரின் ஒரே நியாய விலை என்று நான் சொல்ல வரவில்லை. வேறொரு நாள் 4,10,000-க்கு முடிந்திருக்கலாம், 3,90,000-க்கும் முடிந்திருக்கலாம். எல்லாமே ஹலால்தான். முதலில் பேசிய விலைக்கும் இரண்டாவது விலைக்கும் உள்ள வித்தியாசம், இரண்டாவது முறை இருவருக்கும் ஒரே விஷயம் தெரிந்திருந்தது என்பதுதான்.

அன்பான சகோதரர்களே!

கார் வாங்கப் போகிறவர்கள் ஏமாளியாகப் போக வேண்டாம். விலையை நாலு இடத்தில் விசாரியுங்கள். புதிய கார் என்றால் எக்ஸ்ஷோரூம் விலை, வரி, இன்சூரன்ஸ், இதர கட்டணம் என்று ஆன்ரோடு விலையைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். இன்சூரன்ஸை அந்த ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. பழைய கார் என்றால் உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள், சர்வீஸ் ரெக்கார்டைக் கேளுங்கள். பழைய வண்டி வியாபாரிகள் போக்குவரத்துத் துறையில் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. அதைக் கேட்டுப் பாருங்கள். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. உங்கள் ஹக்கைக் கேட்பது தவக்குலுக்கு எதிரானது இல்லை.

அதே நேரம், வாங்காத கொட்டேஷனை வாங்கியதாகச் சொல்லாதீர்கள். இன்னொருவர் அட்வான்ஸ் பேசிக்கொண்டிருக்கும் வண்டியில் குறுக்கே போகாதீர்கள். எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்கும் வண்டியின் குறையை அவர்கள் கேட்கும் முன் சொல்லிவிடுங்கள். வண்டி வியாபாரம் செய்யும் நம் சகோதரர்கள் மீட்டரில் கை வைக்காதீர்கள். அந்தக் கை நாளை சாட்சி சொல்லும். வேலைக்கு வைத்திருக்கும் பையன் கணக்கில் தவறினால் முழுப் பாரத்தையும் அவன் தலையில் ஏற்றாதீர்கள்.

விற்கும்போதும் வாங்கும்போதும் கொடுத்த கடனைக் கேட்கும்போதும் பெருந்தன்மையாக நடப்பவருக்கு நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்வின் ரஹ்மத்தை வேண்டினார்கள். இந்த ஹதீஸை நமக்கு அறிவித்தவர், ஒட்டகத்தையும் பணத்தையும் சேர்த்துப் பெற்ற அதே ஜாபிர் (ரலி) அவர்கள்தான்.

யா அல்லாஹ்! எங்கள் சம்பாத்தியத்தை ஹலாலாக்குவாயாக. நாங்கள் ஏறிப்போகும் வாகனங்களில் பரக்கத் செய்வாயாக. பிறர் அறியாமையில் லாபம் தேடும் புத்தியை எங்களை விட்டும் அகற்றுவாயாக. நாங்கள் எடுத்துவிட்ட பிறர் ஹக்கை மௌத்துக்கு முன் திருப்பிக் கொடுக்கும் தவ்ஃபீக்கைத் தருவாயாக. ஆமீன்.